'வெறும்' மூக்குக்கண்ணாடி

ஐயா,

வேல்ஸ் நாட்டு எம்.பி. அனைரின் பெவனைப் பற்றிப் படித்தேன். பள்ளிப்படிப்பு அதிகமில்லை, பிறவிப் பேச்சாளர். 1948இல் பிரிட்டனுக்கு இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்தவர், 1951இல் வெறும் மூக்குக்கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் அவருடைய தொழிற்கட்சி அரசே கட்டணம் வைத்ததற்காக அமைச்சர் பதவியை உதறி, கட்சியையும் பிளந்தார். இது வீண் பிடிவாதம் இல்லையா?

ஒரு வாசகர்

தம்பி,

மூன்று நாளாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல் உறுத்துகிறது. 'வெறும்'.

அதற்கு முன், 'பிறவிப் பேச்சாளர்' என்பதை அடித்துவிடுங்கள். சின்ன வயதில் அவருக்குத் திக்குவாய். 13 வயதில் ட்ரெடீகர் என்ற வேல்ஸ் ஊரில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பையன், தொழிலாளர்கள் நடத்திய நூலகத்தில் உட்கார்ந்து சொல் சேர்த்தார். ஒரு சொல் நாக்கில் சிக்கினால் அதே பொருளில் இன்னொன்று கைவசம் வேண்டுமே! போர்க்காலத்தில் சர்ச்சிலையே சபையில் மறித்துக் கேட்ட நாக்கு அப்படி வந்தது. அதைப் பிறவி வரம் என்று சொல்லி அந்த உழைப்பை அழிக்காதீர்கள்.

மங்கிய விளக்கில் கரி வெட்டுகிறவர்களுக்குக் கருவிழி நிலைகொள்ளாமல் ஆடும் நோய் வரும். பெவனுக்கும் வந்தது, முதல் உலகப்போரில் அவரைப் படைக்கு எடுக்காததே அதனால்தான். அவர் அப்பா நெஞ்சில் கரித்தூசு அடைத்துச் செத்தார். அந்தப் பெவனிடம் போய் 'வெறும் கண்ணாடி' என்பீர்களா? பாதி விலையை நோயாளி தலையில் கட்டியதில் அந்த ஆண்டு மிச்சமாகும் என்று அரசு சொன்னது 1.3 கோடி பவுண்டு. அதே அரசு மூன்றாண்டு ஆயுதச் செலவுக்கு எழுதியது 470 கோடி.

கட்சிப் பிளவு பற்றிக் கட்சிக்காரர்கள் கவலைப்படட்டும். எபு வேல் தொகுதி மக்கள் 1929 முதல் 1960இல் அவர் சாகும்வரை அவரைக் கைவிடவில்லை.

என் அம்மா வாரப்பத்திரிகையைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் படிப்பாள். கை நீளம் போதாமல் போனதும் நிறுத்திவிட்டாள். "கண்ணு வலிக்குது, நீ படிச்சுச் சொல்லு" என்பாள். நான் எரிச்சலோடு ரெண்டு பக்கம் படித்துவிட்டு ஓடிவிடுவேன். ஒன்பது வருடம் கழித்து, என் முதல் சம்பளத்தில்தான் கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டதும் பத்திரிகையை எடுப்பாள் என்று காத்திருந்தேன். எடுத்தது முறத்தை. அரிசியைப் பரப்பிப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவ்வளவு கல்லாடா? இத்தனை வருஷமா இதையா உங்களுக்கு ஆக்கிப் போட்டேன்?"