கண்ட்ரோல் இசட் எதையும் ரத்து செய்யாது

சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்) படிக்கிறேன், ரவுட்டர் கட்டளை வரியில் எந்தக் கீபோர்டு ஷார்ட்கட்களை முதலில் பழக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சிஸ்கோ ரவுட்டர்களை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸை வைத்தே சொல்கிறேன். வேகமாக அடிக்க உதவும் ஷார்ட்கட்கள் வேலை செய்யச் செய்யத் தானாகக் கைக்கு வந்துவிடும். நிறுத்துவதற்கான ஷார்ட்கட்களை முதலில் பழகுங்கள். எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு கிளை அலுவலக ரவுட்டருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது தூரத்திலிருந்தே நெட்வொர்க் மூலம், போயிருந்தேன். பயன்படாத ஒரு இன்டர்ஃபேஸை (இணைப்புப் போர்ட்டை) அணைக்க வேண்டும். 'ஷட்டவுன்' என்று அடித்து முடித்த பிறகுதான், நான் இருப்பது தலைமை அலுவலகத்தோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் என்று கண்ணில் பட்டது. என்டர் இன்னும் தட்டவில்லை. எக்செல் பழக்கத்தில் கை கண்ட்ரோல் இசட்டுக்குப் போய்விட்டது.

ஐஓஎஸ்ஸில் அதன் பொருளே வேறு. ரவுட்டர் அமைப்புகளை மாற்றும் கான்ஃபிக் மோடை முடித்துக்கொண்டு, நேராக அதற்கு முந்தைய நிலையான எனேபிள் மோடுக்கு வருவதற்கான கீ அது. வரியில் சரியான கட்டளை ஏதாவது இருந்தால், அதைச் செய்துவிட்டுத்தான் வெளியே வரும். லிங்க் போனது, அதோடு என் செஷனும் போனது. கிளையில் பில் போட முடியாமல் ஆட்கள் காத்து நின்றார்கள். நல்லவேளை, நான் கான்ஃபிக்கை சேவ் செய்திருக்கவில்லை. அங்கிருந்த ஒருவரைப் போனில் பிடித்து ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னதும் பழைய கான்ஃபிக்கோடு எழுந்து வந்தது.

அந்த இடத்தில் நான் அழுத்தியிருக்க வேண்டியது கண்ட்ரோல் சி. அடித்த வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு எனேபிள் மோடுக்கு வந்துவிடும். கான்ஃபிக் மோடிலேயே இருந்துகொண்டு வரியை மட்டும் அழிக்க வேண்டுமென்றால் கண்ட்ரோல் யு.

அடுத்தது கண்ட்ரோல் ஷிஃப்ட் 6. எனேபிள் மோடில் ஒரு கட்டளையைத் தப்பாக அடித்துவிட்டால், ரவுட்டர் அதை ஏதோ ஹோஸ்ட் பெயர் (வேறொரு கணினியின் பெயர்) என்று நினைத்து, அதன் ஐபி முகவரியை டிஎன்எஸ்ஸில் தேட ஆரம்பிக்கும். திரை அப்படியே நிற்கும். இதை அழுத்தினால் தேடலை விட்டுவிடும். முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும் பிங், டிரேஸ்ரூட் போன்ற இணைப்புச் சோதனைகளை நிறுத்தவும் இதே கீதான். பயிற்சி லேபில் இந்தத் தேடலே நடக்காமலிருக்க 'நோ ஐபி டொமைன் லுக்கப்' போட்டு வைப்பார்கள். ஆனால் அடுத்தவர் ரவுட்டரில் அது இருக்கும் என்று நம்ப முடியாது.

மற்றவை லினக்ஸ் டெர்மினலில் பழகியவருக்குத் தெரிந்தவைதான். கண்ட்ரோல் ஏ வரியின் தொடக்கத்துக்கும், கண்ட்ரோல் ஈ கடைசிக்கும் கொண்டுபோகும். கண்ட்ரோல் டபிள்யூ ஒரு சொல்லை அழிக்கும். இதில் நான் தினமும் பயன்படுத்துவது ஒன்று: மேல் அம்பை அழுத்தி முந்தைய கட்டளையைக் கொண்டுவந்து, கண்ட்ரோல் ஏ அழுத்தி முன்னால் 'நோ' சேர்த்தால், பெரும்பாலும் அந்தக் கட்டளை திரும்பப் பெறப்பட்டுவிடும். நீளமான ரூட் கட்டளைகளை மறுபடி அடிக்கும்போது வரும் எழுத்துப்பிழைகள் இதில் வராது. அடிக்கும்போது நடுவில் ரவுட்டரின் லாக் செய்தி (நிகழ்வு அறிவிப்பு) வந்து வரியைக் குழப்பினால் கண்ட்ரோல் ஆர் அழுத்துங்கள், வரி மறுபடி சுத்தமாகத் தெரியும். டேப், கேள்விக்குறி இரண்டையும் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று, இது ஷார்ட்கட் இல்லை. தூரத்து ரவுட்டரில் கை வைக்கும் முன் இப்போதெல்லாம் 'ரீலோட் இன் 10' போட்டுவிடுகிறேன். தொடர்பு அறுந்தால் 10 நிமிடத்தில் அது தானாக ரீபூட் ஆகி, சேவ் செய்த கான்ஃபிக்குக்குத் திரும்பிவிடும். வேலை சரியாக முடிந்தால் 'ரீலோட் கேன்சல்'. மைக்ரோடிக் என்ற வேறு நிறுவனத்தின் ரவுட்டர்களில் இதற்கென்றே ஒரு கீ இருக்கிறது, கண்ட்ரோல் எக்ஸ். அது சேஃப் மோடை ஆன் செய்யும். நடுவில் இணைப்பு போனால், அந்த மோடில் செய்த மாற்றங்களை ரவுட்டரே திரும்பப் பெற்றுக்கொள்ளும். சிஸ்கோவிலும் அப்படி ஒரு கீ இருந்திருக்கலாம் என்று இன்றும் ஆசைப்படுகிறேன்.