பைப்பின் முனையைப் பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

குடிநீர்க் குழாய்ப் பணிகளை மேற்பார்வை பார்த்தே என் உத்தியோக காலம் போனது. ஓய்வுக்குப் பிறகும் சேலம் பக்கம் யார் வீட்டில் பைப் இறங்கினாலும் நின்று பார்க்காமல் நகர முடிவதில்லை. பூச்சுப் போட்ட இரும்புக் குழாய்கள் பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கிவிடலாம்.

நாகலூர் பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. பள்ளத்தில் கிணறு. அங்கிருந்து 120 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். பிளம்பர் 2 இன்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போதும் என்கிறார். சேலத்துக் கடைக்காரர், எபாக்சி என்ற பிசின் பூச்சுப் போட்ட பைப்தான் காலத்துக்கும் நிற்கும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு

உங்கள் பிளம்பர் பேச்சைக் கேளுங்கள். ஆனால் அவரிடம் இன்னும் நாலு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அழுத்தம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 கிலோ என்பது கணக்கு. 120 மீட்டர் என்றால் பம்ப் ஓடாமல் சும்மா நிற்கும்போதே, கிணற்றடியில் பைப்புக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோ அழுத்தம் உட்கார்ந்திருக்கும். கரண்ட் திடீரென்று போனால் மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்து கீழே அறையும். அந்த அடி 12 கிலோவோடு நிற்காது. ஏற்காட்டில் மழைக்காலத்தில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பம்புக்கு அடுத்து, தண்ணீரைத் திரும்ப விடாத நல்ல நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று கட்டாயம். நீண்ட லைன் என்றால் நடுவிலும் ஒன்று வையுங்கள்.

ஐஎஸ் 1239 என்ற இந்தியத் தரத்தில் வரும் பைப்பை ஆலையிலேயே 50 கிலோ அழுத்தத்தில் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். ஆக பைப்பின் உடம்பு தாங்கும். தாங்காத இடம் த்ரெட் (மரை) வெட்டிய முனை. சுவர் கனத்தை வைத்து ஏ, பி, சி என்று மூன்று கிளாஸ் உண்டு, ஏ மெல்லியது. 2 இன்ச் பைப்பின் சுவர் கனம் பி கிளாஸில் 3.6 மில்லிமீட்டர், சி கிளாஸில் 4.5. த்ரெட் வெட்டும்போது அதில் ஒரு பங்கை வெட்டும் கருவி தின்றுவிடும். மேலே இருந்த துத்தநாகமும் அதோடு போய்விடும். அதனால் கிணற்றிலிருந்து பாதி உயரம் வரை சி கிளாஸ் போடுங்கள், அதற்கு மேலே பி கிளாஸ் போதும். மேட்டுப் பகுதியில் அழுத்தம் குறைந்துவிடும். மண் இருந்து புதைக்க முடிந்தால் அங்கே ஹெச்டிபிஇ என்ற பிளாஸ்டிக் குழாய் போட்டும் காசை மிச்சப்படுத்தலாம். பாறையில் வெளியே கிடக்கும் என்றால் ஜிஐயே இருக்கட்டும். காட்டெருமை நடமாட்டம் உள்ள தோட்டத்தில் பிளாஸ்டிக் குழாயைத் தரைமேல் விடுவது சரிப்படாது.

சரி, எபாக்சி ஏன் வேண்டாம்? எபாக்சி மோசமான பூச்சு இல்லை. சமதரையில் பள்ளம் தோண்டி, மணல் போட்டுப் புதைக்கும் பெரிய லைனுக்கு அருமையானது. உங்கள் தோட்டத்தில் பைப் எப்படி இறங்கும்? நாலு பேர் தோளில் சுமந்து, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இழுத்து, பாறையில் போட்டு உருட்டித்தான் இறங்கும். கீறல் விழாமல் முடியாது. துத்தநாகத்தில் கீறல் விழுந்தால் சுற்றியுள்ள துத்தநாகம் தான் கரைந்து, அந்த இடத்து இரும்பைக் காப்பாற்றும். எபாக்சிக்கு அந்தக் குணம் கிடையாது. அது தண்ணீரையும் காற்றையும் தடுக்கும் சுவர், அவ்வளவுதான். சுவரில் ஓட்டை விழுந்தால் துரு அந்த ஓட்டை வழியாகவே உள்ளே போகும். போதாததற்கு வெயிலில் கிடந்தால் எபாக்சி சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்து உதிரும்.

பிளம்பரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை இவை. சாக்கெட் முறுக்கிய பிறகு வெளியே தெரியும் த்ரெட் மேல் ஜிங்க் பெயின்ட் அடிப்பாரா? த்ரெட்டில் சுற்றும் சணலில் ஒயிட் லெட் தடவும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அது ஈயம், குடிக்கிற தண்ணீருக்கு ஆகாது. டெஃப்ளான் டேப் போதும். பைப்பை இலைச்சருகுக்குள் கிடத்தாமல் கல்லோ சிமென்ட் கட்டையோ வைத்துத் தூக்கி நிறுத்துவாரா? ஈரச் சருகு வருஷம் முழுக்க ஒட்டிக் கிடந்தால் துத்தநாகம் சீக்கிரம் கரையும். காப்பிப் பழத்தோல் உரிக்கும் பல்ப்பரின் கழிவுநீர் ஓடும் ஓடை ஓரமாகவும் கொண்டுபோகாதீர்கள், அது புளித்த தண்ணீர். லைன் மேடேறி இறங்கும் இடத்தில் ஏர் வால்வு வைப்பாரா? பின்னால் கழற்ற வசதியாக அங்கங்கே யூனியன் போடுவாரா?

வாங்கும்போது ஒரு பைப்பைத் தராசில் வைத்துப் பாருங்கள். 2 இன்ச் பி கிளாஸ் மீட்டருக்குச் சுமார் 5 கிலோ. 6 மீட்டர் துண்டு 30 கிலோவை ஒட்டி வரும், பூச்சோடு சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். சி கிளாஸ் 37 கிலோவுக்கு மேல். 25 கிலோ காட்டினால், பி கிளாஸுக்கான நீலப் பட்டை அடித்திருந்தாலும் அது ஏ கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊராட்சிக்கு வரும் 200 எம்எம் மெயின் லைன் வசிஷ்ட நதியைத் தாண்ட வேண்டும். அந்த இடத்துக்கு மட்டும் இரும்புக் குழாய். இரண்டு கரையிலும் கொஞ்ச தூரம் மண்ணுக்குள் போகும். ஒரு கரையில் ஜவ்வரிசி ஆலைக் கழிவு வாய்க்கால் இருக்கிறது. மதிப்பீட்டில் 3எல்பிஇ (மூன்றடுக்கு பாலிஎத்திலீன்) பூச்சு என்று உள்ளது. ஒப்பந்ததாரர், "சாதா பைப் இறக்கி இங்கேயே எபாக்சி அடித்துவிடுகிறேன், இரண்டும் ஒன்றுதான்" என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?
– ஊராட்சி உறுப்பினர், ஆத்தூர் வட்டம்

கூடாது. இரண்டும் ஒன்றில்லை.

3எல்பிஇ பைப் ஆலையில் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும். முதலில் பைப் மேல் இரும்புத் துகளை வேகமாக அடித்து, துருவும் செதிலும் போய்ச் சாம்பல் வெள்ளையாகும் வரை சுத்தம் செய்கிறார்கள். பிறகு 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி எபாக்சிப் பொடியைத் தூவுகிறார்கள். அது உருகி இரும்போடு பிடித்துக்கொள்ளும். அதன் மேல் ஒட்டுப் பசை அடுக்கு, அதற்கும் மேல் கறுப்பு பாலிஎத்திலீன். மொத்தம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம் வரும். ஆற்றங்கரையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஈரக்காற்றில் பிரஷ்ஷால் அடிக்கிற பெயின்ட் இதற்கு ஈடாகுமா? ஜவ்வரிசிக் கழிவுநீர் அமிலத் தன்மை உள்ளது. அந்த மண்ணில் பூச்சு சொதப்பினால் இரும்பு சொதப்பும்.

ஆனால் 3எல்பிஇ என்று எழுதி வாங்கிவிட்டதோடு உங்கள் வேலை முடியவில்லை. இதைத்தான் எல்லோரிடமும் மன்றாடிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: பைப்பின் முனையைப் பாருங்கள். வெல்டிங் செய்வதற்காக ஒவ்வொரு முனையிலும் 10 முதல் 15 சென்டிமீட்டர் பூச்சில்லாமல் விட்டிருப்பார்கள். இரண்டு பைப் சேரும் இடத்தில் 20 முதல் 30 சென்டிமீட்டர் அளவுக்கு வெற்று இரும்பு. புதைத்த இரும்புக் குழாய்களில் நான் தோண்டிப் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் இருந்தன.

அங்கே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், அதாவது சூடு பட்டால் சுருங்கி இறுகும் உறை, போட வேண்டும். வெல்டிங் சூடு ஆறி, கசடு தட்டி, வெல்டிங்கைச் சோதித்த பிறகு அந்த வளையத்தைப் பளிச்சென்று சுத்தம் செய்யணும். ஈரம் போகச் சூடாக்கி, எபாக்சி ப்ரைமர் தடவி, ஸ்லீவைச் சுற்றி, கேஸ் பர்னரை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோகணும். நடுவிலிருந்து ஆரம்பித்தால்தான் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். ஓரத்தில் சுற்றிலும் பசை பிதுங்கி வெளியே தெரிய வேண்டும். பசை பிதுங்காத ஸ்லீவ் ஒட்டவில்லை என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஆலைப் பூச்சின் மேல் 5 சென்டிமீட்டராவது ஏறியிருக்கணும்.

புதைப்பதற்கு முன்னால் ஹாலிடே டெஸ்ட், அதாவது பூச்சில் ஓட்டை இருக்கிறதா என்ற சோதனை. இதை நீங்களே நேரில் நின்று பாருங்கள். சுருள் கம்பி அல்லது பிரஷ் ஒன்றில் உயர் மின்னழுத்தம் ஏற்றி, பைப் மேல் மெதுவாக ஓட்டுவார்கள். 3எல்பிஇ-க்கு 25,000 வோல்ட் வரை வைப்பார்கள். பூச்சு முழுசாக இருந்தால் சத்தமே இருக்காது. ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் 'சடக்' என்று நீலப் பொறி பறக்கும், மெஷின் கத்தும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, ஒட்டுப் போட்டு, மறுபடி ஓட்டிப் பார்க்கணும். கண்ணுக்குக் கண்ணாடி மாதிரித் தெரிந்த பைப்பில் பொறி பறப்பதை ஒருமுறை பார்த்தவர் அதற்குப் பிறகு எந்த ஒப்பந்ததாரரின் வாய்வார்த்தையையும் நம்பமாட்டார்.

பைப்பின் உட்பக்கத்தை யாரும் கேட்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே எபாக்சி பூசிய பைப்பை வெல்டிங் செய்தால் அந்த வளையத்தில் உள்பூச்சு கருகிவிடும். பெரிய பைப் என்றால் ஆள் உள்ளே போய்ச் சரிசெய்யலாம். 200 எம்எம் பைப்புக்குள் யார் போவது? அதனால் உள்பூச்சுப் பைப் என்றால் ஆலையிலேயே ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தட்டு) வெல்டிங் செய்து, அதற்குப் பிறகு உள்பூச்சு போட்டு அனுப்பச் சொல்லுங்கள். தளத்தில் கேஸ்கட் வைத்து போல்ட் முறுக்கினால் முடிந்தது. மண்ணுக்குள் போகும் ஃபிளாஞ்சை டேப்பால் நன்றாகச் சுற்ற வேண்டும். ஆற்றைத் தாண்டிய பிறகு டிஐ (டக்டைல் இரும்பு) பைப்போ ஹெச்டிபிஇ-யோ போதும். ஆலை வாய்க்கால் ஓரத்துக்கு என் ஓட்டு ஹெச்டிபிஇ-க்கு.

லாரியில் வரும்போது பைப்புக்கு நடுவே ரப்பரோ வைக்கோல் திணித்த சாக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். இரும்புச் சங்கிலியில் கட்டித் தூக்கினால் அந்த லோடைத் திருப்பி அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். பெல்ட் போட்டுத்தான் இறக்கணும். பள்ளத்தில் அடியில் மணல், பைப்பைச் சுற்றியும் மணல், அதற்கு மேல்தான் ஜேசிபி அள்ளிய மண். நம்ம ஊர் மண்ணில் பாதி சக்கைக்கல். அது நேராக விழுந்தால் ஆலையில் போட்ட பூச்சு அன்றைக்கே போச்சு.

கடையில் ஐஎஸ்ஐ முத்திரை அடித்த பைப் என்று காட்டுகிறார்கள். அது நிஜமா என்று சாதாரண ஆளுக்கு எப்படித் தெரியும்?
– வாசகி, அம்மாபேட்டை

முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். போனில் 'பிஐஎஸ் கேர்' செயலியை இறக்கி அந்த எண்ணைப் போட்டால், எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்கு உரிமம், இப்போது நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். பைப் மேல் உள்ள பெயரும் அதுவும் ஒத்துப்போகணும். பட்டை நிறம்: மஞ்சள் ஏ கிளாஸ், நீலம் பி, சிவப்பு சி. பில்லில் அளவு, கிளாஸ், ஐஎஸ் எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். "2 இன்ச் ஜிஐ" என்று மட்டும் எழுதிய பில் பின்னால் எதற்கும் உதவாது.

ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு 150 எம்எம் பூச்சுப் பைப் எடுக்கிறோம். ஆலையில் 12 மீட்டர் நீளம்தான் மலிவு என்கிறார்கள். எடுக்கலாமா?
– கட்டட ஒப்பந்ததாரர், ஐந்து ரோடு

சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 12 மீட்டர் பைப்போடு நீள லாரி அங்கே திரும்புவதை நினைத்துப் பாருங்கள். அடிவாரத்தில் இறக்கி, வெட்டி, சின்ன வண்டியில் மாற்றினால் ஒவ்வொரு வெட்டிலும் பூச்சு போகும். ஆக 6 மீட்டராகவே ஆர்டர் போடுங்கள். மூட்டு இரட்டிப்பாகும், உண்மைதான். அதற்குத் தேவையான ஸ்லீவையும் ப்ரைமரையும் பைப்போடு சேர்த்தே, அதே சப்ளையரிடம் வாங்குங்கள். மேலே போன பிறகு ஸ்லீவ் தீர்ந்துபோனால் யாரோ ஒருவர் கறுப்பு பெயின்ட் அடித்து மண்ணை மூடிவிடுவார்.

ஜிஐ பைப் வெல்டிங் செய்த அன்று ராத்திரி குளிர் காய்ச்சல் வருகிறது, காலையில் சரியாகிவிடுகிறது. பால் குடித்தால் போதும் என்கிறார்கள். உண்மையா?
– வெல்டர், சூரமங்கலம்

தம்பி, பால் அதைத் தடுக்காது. துத்தநாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகைதான் அந்தக் காய்ச்சலுக்குக் காரணம். வெல்டிங் போடும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு சாண் அளவுக்குத் துத்தநாகத்தை கிரைண்டரால் எடுத்துவிட்டு வேலை பாருங்கள். காற்றோட்டமான இடத்தில், புகை முகத்துக்கு வராத பக்கம் நின்று செய்யுங்கள். துணி கட்டிக்கொள்வது போதாது. உலோகப் புகைக்கான மாஸ்க் இருக்கிறது, முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். மூச்சுத்திணறல் இருந்தாலோ, காய்ச்சல் ஒரு நாளில் இறங்காவிட்டாலோ டாக்டரிடம் போங்கள். முடித்த பிறகு எடுத்த இடம் முழுக்க ஜிங்க் பெயின்ட் அடியுங்கள். முடிந்தவரை ஜிஐ பைப்பை வெல்டிங் செய்யாமல் த்ரெட் போட்டே சேர்க்கச் சொல்லுங்கள். பைப்புக்கும் அதுதான் நல்லது, உங்களுக்கும்.

எங்கள் அடுக்குமாடியில் உள்ளே எபாக்சி பூசிய புது பைப் போட்டார்கள். தண்ணீரில் பெயின்ட் வாடை. குடிக்கலாமா?
– இல்லத்தரசி, அஸ்தம்பட்டி

இப்போதைக்குக் குடிக்காதீர்கள், சமைக்கவும் வேண்டாம். பூச்சு முழுசாகக் காய்வதற்குள் தண்ணீர் விட்டிருப்பார்கள். உணவுத்தர எபாக்சிதானா என்று சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள், இது உங்கள் உரிமை. சான்றிதழ் இருந்தால், பூச்சுத் தயாரித்த நிறுவனம் சொல்லும் நாள் கணக்குப்படி காயவிட்டு, லைனைப் பலமுறை கழுவி, பிளீச்சிங் கரைசல் நிரப்பி ஒரு நாள் வைத்துத் திறந்துவிட்டு, தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். சான்றிதழ் இல்லை என்று கைவிரித்தால் பைப்பை மாற்றச் சொல்லிச் சங்கத்தில் எழுத்து மூலமாகக் கொடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் பழைய பூச்சுப் பைப் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வீட்டு போர்வெல்லிலிருந்து தொட்டிக்குப் போடலாமா?
– வாசகர், குகை

குடிநீருக்கு வேண்டாம். முன்னால் அதில் என்ன ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது. பழைய பைப்பில் தார்ப்பூச்சு இருந்தால் அது தண்ணீரில் படவே கூடாது. மாட்டுக் கொட்டகைக்குத் தூண் நட வேண்டுமானால் தாராளமாக வாங்குங்கள்.