‘மேடே’ யாருடைய தினம்?

கேள்வி: ஆங்கிலப் படங்களில் விமானம் விழப்போகும்போது விமானி ‘மேடே, மேடே’ என்று கத்துகிறாரே, தொழிலாளர் தினத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
- வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: எதுவுமில்லை. வேண்டுமானால் பாரிஸைச் சொல்லலாம். மே முதலாம் திகதி பற்றிய தீர்மானம் 1889இல் அங்கேதான் நிறைவேறியது. இந்தச் சொல்லும் பாரிஸுக்குப் பறந்த விமானங்களால் வந்ததுதான். லண்டன் குரொய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாயிருந்த பிரெடெரிக் மொக்ஃபோர்ட் 1920களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். அங்கிருந்து புறப்பட்டவற்றில் பெரும்பாலானவை பாரிஸின் லு பூர்ஜேக்குப் போனதால், இரு பக்கத்தாருக்கும் விளங்கவேண்டும். ‘எனக்கு உதவ’ என்பதற்குப் பிரெஞ்சில் ‘மெதே’. அதையே ஆங்கில நாக்குக்கு வளைத்தார்.

எஸ்.ஓ.எஸ். இருந்ததே என்பீர்கள். அது மோர்ஸில், அதாவது புள்ளியும் கோடுமான தந்திக் குறியீட்டில், தட்டுவதற்கு. வாயால் சொன்னால் இரைச்சலில் ‘எஸ்’ எது, ‘எஃப்’ எது என்று பிடிபடாது. 1927 வாஷிங்டன் மாநாடு பேச்சு வானொலிக்கு ‘மேடே’யை ஏற்றது.

படத்தில் கத்துவதோடு சரி. கடலில் அது போதாது. வி.எச்.எஃப். எனப்படும் படகு வானொலியில், ஆபத்து அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் ‘மேடே’ மூன்று தரம், படகின் பெயர் மூன்று தரம். பிறகு இரண்டையும் ஒருதரம். உடனே நிற்கும் இடம், அதன்பின் ஆபத்து என்ன, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர், ‘ஓவர்’. மூன்று தரம் சொல்வது பதற்றத்தால் அல்ல. வேறு யாரோ மேடே பற்றிப் பேசுவதாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கத்தான். இடத்தை முந்திச் சொல்வது, பற்றரி நடுவில் செத்தாலும் தேட ஒரு புள்ளி மிஞ்சும் என்பதற்காக. பேசி முடித்ததும் பொத்தானை விடவேண்டும். பயத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் பதிலும் கேட்காது, மற்றவர்களுக்கும் அலைவரிசை அடைபட்டுப்போகும்.

எஞ்சின் நின்று அமைதியான கடலில் மிதப்பவருக்கு மேடே உரியதல்ல, அதற்கு ‘பான்-பான்’. உயிருக்கோ கலத்துக்கோ உடனடி ஆபத்து என்றால் மட்டுமே மேடே.

இன்னொன்று: வி.எச்.எஃப். ஏறக்குறைய பார்வைக் கோட்டில்தான் போகும். நீர்கொழும்பிலிருந்தோ பேருவளையிலிருந்தோ ஆழ்கடல் போன பலநாள் படகின் குரல் கொழும்புக்கு எட்டாது. ஆனால் தேவேந்திரமுனைக்குத் தெற்கே ஓயாமல் கப்பல்கள் போகின்றன. அருகில் போகும் கப்பல் கேட்டால், ‘மேடே ரிலே’ என்று முன்வைத்து அந்த அழைப்பைக் கரைக்குக் கடத்தும்.