முகத்தில் திட்டுத்திட்டாகத் தோல் வறண்டு எரிவது எதனால்?

மூக்கோரத்திலும் கன்னத்திலும் தோல் திட்டுத்திட்டாக உரிகிறது, எந்த கிரீம் போட்டாலும் எரிகிறது, என்ன காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. எட்டு மாதம் இதே மாதிரி முகத்தோடு அலைந்தவன், அவ்வளவுதான்.

முதலில் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள், பாதி துப்பு அதிலேயே கிடைக்கும். மூக்கின் இரண்டு ஓரமும், புருவம், நெற்றியில் முடி தொடங்கும் இடம், அங்கெல்லாம் செதில் லேசாக மஞ்சளாய்ப் பிசுபிசுத்து, தலையில் பொடுகும் இருந்தால் செபோரிக் டெர்மடைட்டிஸாக இருக்கலாம். பொடுகுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாக வந்து, உதட்டை ஒட்டிய மெல்லிய ஓரத்தை மட்டும் விட்டுவைத்திருந்தால் அது வேறு, பெரியோரல் டெர்மடைட்டிஸ் என்ற வாயைச் சுற்றி வரும் தோல் அழற்சியாக இருக்கலாம். வட்டமாக, விளிம்பு சிவந்து பரவினால் படர்தாமரையைச் சந்தேகிக்கலாம். இமையில் மட்டும் என்றால் நெயில் பாலிஷ்கூடக் காரணமாக இருக்கும், விரலில் சும்மா இருந்துவிட்டு, கண்ணைக் கசக்கும்போது வேலையைக் காட்டும்.

என் விஷயத்தில் குற்றவாளி நானேதான். கன்னத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு திட்டு. உரிகிறதே என்று ஸ்க்ரப் போட்டுத் தேய்த்தேன், சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷால் மூன்று வேளை கழுவினேன், ராத்திரி ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகை கிரீம் வேறு. டாக்டர் முகத்தில் போடுவதையெல்லாம் ஒரு பையில் கொண்டுவரச் சொன்னார். மேசையில் எடுத்து வைத்தால் ஏழு பாட்டில்! எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மென்மையான க்ளென்சர், வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் மட்டும் என்றார். குணமாக நாலு வாரம் ஆனது. சாதாரண சோப்பும் வேண்டாம் என்றார், தோலின் பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 5 பக்கம், லேசான அமிலம்; சோப்பு 9, 10, காரம்.

அப்புறம், டாக்டர் எழுதிக்கொடுக்காமல் யாராவது ஸ்டீராய்டு கிரீம் கொடுத்தால் வாங்காதீர்கள். இரண்டே நாளில் முகம் பளிச்சென்று ஆகும், நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பும், படர்தாமரை என்றால் அடையாளமே தெரியாமல் மாறிப் பரவும். நீர் வடிந்தாலோ, மூட்டு வலி, காய்ச்சல் சேர்ந்து வந்தாலோ, வெயில் படும் இடத்தில் சொரசொரப்பான திட்டு ஆறாமலே இருந்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

இன்னொன்று, அலர்ஜி என்றால் போட்ட உடனே அரிக்கும் என்று நினைப்போம். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெடிக்கும், அதனால் முந்தாநாள் என்ன போட்டீர்கள் என்றும் யோசித்துப் பாருங்கள், ஹேர் டை உட்பட.