நிரையில் ஒரு வெளிச்சக் கோடு

வணக்கம் ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட் ரப்பர் காட்டில் நீங்கள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தேன். என் பாட்டி பால்மரம் வெட்டியவர்; ரப்பர் மரப்பட்டையைச் சீவி, வடியும் பாலை மங்கு என்ற கிண்ணத்தில் பிடிக்கும் வேலை. அவரிடம் காட்டினேன். "மரம் இருக்கு, மங்கு இருக்கு, ஆள் எங்கடா?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். யாரைப் பார்த்து இப்படி எடுக்கக் கற்றுக்கொண்டீர்கள்?

– ஒரு வாசகர், கூலிம்

அன்புள்ள தம்பி,

பாட்டி கேட்டதற்கு முதலில் சொல்கிறேன். ஏழாவது படத்தை மறுபடி அவரிடம் காட்டுங்கள். மரங்களுக்கு நடுவே தலை உயரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். ஒவ்வொரு மரத்தருகிலும் அது தடித்து, சரிந்து இறங்கி, மறுபடி எழுந்து அடுத்த மரத்துக்குப் போகும். நெற்றி விளக்கோடு ஓர் அம்மா நிரை பிடித்து வெட்டிக்கொண்டே போன தடம் அது. வெட்டு சரிந்து இறங்க, அவர் தலையும் கூடவே இறங்கியிருக்கிறது. கேமராவின் ஷட்டரை 20 நிமிடம் திறந்து வைத்திருந்தேன். ஓரிடத்தில் நிற்காததால் அவர் உருவம் பிலிமில் தங்கவில்லை. விளக்கு தங்கிவிட்டது.

முன்பு முகங்களையும் எடுத்திருக்கிறேன். கேமராவைக் கண்டதும் கையை நிறுத்தி, தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு நிற்பார்கள். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் அழுத்தம் கூடி பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அந்த நேரத்தில் அவர்களை நிறுத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். பள்ளி விடுமுறையில் மங்கு துடைக்க அம்மாவோடு போவேன். இருட்டில் அம்மா முகம் தெரியாது. விளக்கு அசைவதை வைத்துத்தான், இந்த மரம் முடிந்தது, அடுத்ததுக்குப் போகிறார் என்று தெரிந்துகொள்வேன். பார்க்கக் கற்றது அங்கேதான். கேமரா கைக்கு வந்தது வெகு காலம் கழித்து.

புகைப்படக் கலைஞர் மைக்கேல் கென்னாவின் படங்களை அதற்குப் பிறகு ஈப்போவில் ஒரு பழைய புத்தகக் கடையில் பார்த்தேன். 1953இல் இங்கிலாந்தின் விட்னெஸ் என்ற ரசாயன ஆலை நகரத்தில், தொழிலாளிக் குடும்பத்தில் பிறந்தவர். பாதிரியாராகும் எண்ணத்தில் சிறுவயதில் குருமடத்தில் படித்தவர். புகைப்படக்காரர் பில் பிராண்ட்டின் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர். சில படங்களுக்குப் பத்து மணி நேரம்கூடக் கேமராவைத் திறந்து வைத்திருக்கிறார். இங்கிலாந்தின் ராட்கிளிஃப் மின் நிலையத்தின் குளிரூட்டும் கோபுரங்களை அவர் கோயில் கோபுரம் போல எடுத்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆலை ஊர்க்காரர் ஆலையை இவ்வளவு மரியாதையோடு எடுக்கிறார். ரப்பர் பாலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நம் பால் ஸ்டோரை நான் ஏன் எடுக்கவில்லை?

அவர் முறை இங்கே அப்படியே செல்லாது. நம் ஊர் ஈரத்தில் லென்ஸில் ஆவி படிந்துவிடும். அரை மணி முன்பே பெட்டியிலிருந்து எடுத்து வெளியில் வைக்க வேண்டும். பிலிமும் நேரம் நீள நீள மந்தமாகிவிடும். ஒளியை அளக்கும் மீட்டர் 5 நிமிடம் காட்டினால் அது போதாது. எவ்வளவு கூட்டுவது என்பது ரோல்களை வீணாக்கித்தான் பிடிபட்டது.

பாட்டி என்ன சொன்னார் என்று கட்டாயம் எழுதுங்கள். கோடு எவ்வளவு தாழ இறங்குகிறது என்பதை வைத்தே, அன்றைக்கு வெட்டு எந்த உயரத்தில் இருந்தது என்று அவர் சொல்லிவிடுவார்.