பூட்டிய வீட்டுத் திண்ணையும் படத்தின் ஓரங்களும்

கேள்வி: காரைக்குடியில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டின் திண்ணையில் வயதானவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். போக இடமில்லாதவர் என்று நினைக்கிறேன். தெருவின் எதிர்ப்பக்கம், ஆறு மீட்டர் தள்ளி நின்று 35 மி.மீ. லென்ஸில், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் எடுத்தேன். இடது ஓரத்தில் பைக்கின் ஹேண்டில்பார், மேலே கரண்ட் கம்பிகள், வலது மூலையில் சின்னதாக அவர். அவரை மட்டும் க்ராப் செய்தால் 12 அங்குல பிரிண்ட் மங்குகிறது. முழுசாக விட்டால் வீடுதான் தெரிகிறது. எங்கே வெட்டுவது?

பதில்: மங்குவதற்குக் காரணம் தூரம். ஃபுல் ஃபிரேம் (36-க்கு 24 மி.மீ. சென்சார்) கேமராவில் 35 மி.மீ. லென்ஸ், ஆறு மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 6.2 மீட்டர் அகலத்தையும் 4.1 மீட்டர் உயரத்தையும் பிடிக்கும். சம்மணமிட்டு உட்கார்ந்தவர் உச்சந்தலை வரை ஏறத்தாழ 90 செ.மீ. இருப்பார். ஆக, 24 மெகாபிக்சல் படத்தின் 4000 பிக்சல் உயரத்தில் அவர் பங்குக்கு வருவது 900-க்கும் குறைவு. படத்தின் பாதி உயரத்துக்கு அவர் வரும்படி 4:5 அளவில் வெட்டினால் மிஞ்சுவது 1400-க்கு 1750 பிக்சல். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) அது ஆறு அங்குல உயரம்கூட வராது. 12 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 146 பிக்சல்தான். அதே லென்ஸோடு மூன்று மீட்டருக்கு நெருங்கியிருந்தால் 3.1-க்கு 2.1 மீட்டர் இடம் மட்டும் விழுந்திருக்கும். வெட்ட வேண்டிய தேவையே பெரிதாக இருந்திருக்காது. போனில் டிஜிட்டல் ஜூம் செய்பவர்களுக்கும் இதே கணக்குதான். இரண்டு மடங்கு ஜூம் என்றால் 12 மெகாபிக்சல் மூன்றாகச் சுருங்குகிறது.

கையில் இருக்கும் படத்தை முதலில் காப்பாற்றுவோம். க்ராப் செய்யும் முன் நிமிர்த்துங்கள்: நிலைக்கதவின் சட்டமோ திண்ணைத் தூணோ செங்குத்தாக நிற்கும்வரை திருப்புங்கள். கேமராவைச் சற்று மேல்நோக்கிப் பிடித்திருந்தால் தூண்கள் மேலே குவிந்திருக்கும்; அதைச் சரிசெய்யும்போது ஓரங்கள் கொஞ்சம் பறிபோகும். வெட்டிவிட்டு நிமிர்த்தினால் பறிபோவது அவருடைய முழங்கையாக இருக்கலாம்.

பைக் இடது ஓரத்திலும் அவர் வலப்பக்கத்திலும் இருப்பதால், இடது பாதியைத் தயங்காமல் விட்டுவிடலாம். மேல் ஓரத்தில்தான் செட்டிநாட்டு வீடுகள் சோதிக்கும். நிலைக்கு மேலே கஜலட்சுமி, யானைகள், சுதைப் பொம்மைகள் என்று கண்ணை இழுக்கும் வேலைப்பாடு இருக்கும். லட்சுமியை இடுப்போடு வெட்டினால் பார்ப்பவர் கண் அங்கேயே போய் நிற்கும். முழுதாக வையுங்கள், இல்லையென்றால் நிலையின் மேல்சட்டத்துக்குக் கீழேயே வெட்டுங்கள். உங்கள் படத்துக்கு இரண்டாவதே சரி; கம்பிகளும் அதோடு போய்விடும்.

கீழ் ஓரத்தில் அவசரம் வேண்டாம். திண்ணை விளிம்போடு வெட்டினால் மனிதர் அந்தரத்தில் மிதப்பார். அவர் செருப்பைக் கீழே கழற்றி விட்டிருந்தால் அது உள்ளே இருக்கட்டும். இரு செருப்பையும் சேர்த்து வைத்திருப்பது, மடித்த துண்டு, தண்ணீர் பாட்டில், கைத்தடி இவையெல்லாம் அவர் அந்த இடத்தை எப்படித் தன்னுடையதாக்கிக்கொண்டிருக்கிறார் என்று சொல்பவை. பலர் முதலில் வெட்டி எறிவது இவற்றைத்தான். முகத்துச் சுருக்கத்தை மட்டும் பெரிதாக்கினால் உருக்கம் கூடும் என்று எண்ணுகிறார்கள். மிஞ்சுவது முதுமை ஒன்றுதான், அந்த மனிதர் இல்லை.

உடலில் வெட்டு விழுந்தே ஆகவேண்டும் என்றால் மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் போன்ற மூட்டுகளில் விழக்கூடாது; உறுப்பு துண்டாகிப் போனதுபோல் தெரியும். தொடை நடுவில், மேல்கை நடுவில் விழலாம். அவர் பார்க்கும் பக்கம், முதுகுப் பக்கத்தைப்போல் இரண்டு மடங்கு இடம் விடுங்கள். இப்படி வெட்டினால் 2400-க்கு 3000 பிக்சல் அளவில் ஒரு படம் தேறும். 300 டிபிஐ-யில் 8-க்கு 10 அங்குலம். அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

ஓரத்தில் ஹேண்டில்பாரின் நுனி மிச்சம் நின்றால் அழிக்கும் கருவியைத் தொடவேண்டாம். 2010-இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ என்ற உலகச் செய்திப்படப் போட்டியில் பரிசு பெற்ற ஒரு படம் தகுதி நீக்கப்பட்டது. மூலப் படத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டியெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிய படம் அது. வெட்டியதற்காக நீக்கவில்லை, பின்னால் தெரிந்த ஒருவரின் பாதத்தை அழித்ததற்காக நீக்கினார்கள். ஓரத்தை உள்ளே தள்ளலாம், இருந்ததை இல்லாமல் ஆக்கக்கூடாது.

இனி, நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரி. ‘போக இடமில்லாதவர் என்று நினைக்கிறேன்’ என்கிறீர்கள். செட்டிநாட்டில் இந்த நினைப்பு அடிக்கடி தவறும். உரிமையாளர்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வீட்டைப் பார்த்துக்கொள்பவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பது இங்கே சாதாரணம். தைப்பூசத்துக்கு முன் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டம் சாலையோரத்திலும் மண்டபத்திலும் படுத்து எழுந்து போகும். பிள்ளையார்பட்டி கோயில் வாசலில் தலைக்குப் பையை வைத்துத் தூங்குபவர் காலைப் பேருந்துக்குக் காத்திருப்பவராகவும் இருக்கலாம். வீட்டைக் காப்பவர் என்றால் பூட்டும் கதவும் படத்துக்குள் வரவேண்டும். அது அவருடைய வேலை. தங்க இடமில்லாதவர் என்றால், அதே கதவை அவர் தலைக்கு மேல் நிறைத்து ‘அரண்மனையும் ஏழையும்’ என்று காட்டுவது எல்லோரும் எடுத்துச் சலித்த படம். அதில் அவர் வீட்டுக்கு அலங்காரமாகிவிடுகிறார். ஆகவே யாரென்று தெரியாமல் எங்கே வெட்டுவது என்று முடிவுசெய்ய முடியாது.

அதனால் திரும்பப் போங்கள். “ஐயா, வணக்கம். ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டு, வேண்டாமென்றால் வந்துவிடுங்கள். சரியென்றாலும் முதல் சில படங்களில் விறைத்து உட்கார்ந்திருப்பார். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் தோள் தளரும். 1936-இல் கலிபோர்னியாவின் நிபோமோவில் பட்டாணி பறிப்பவர்களின் முகாமில் இருந்த ஒரு தாயையும் பிள்ளைகளையும் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரத்தியா லாங்கே எடுத்தபோது கூடாரம் முழுதும் தெரியும் தூரத்தில் தொடங்கி, நெருங்கி நெருங்கித்தான் ‘மைக்ரன்ட் மதர்’ என்று புகழ்பெற்ற அந்தக் கடைசிப் படத்துக்கு வந்தார். சட்டகத்தைக் காலால் நடந்தே சுருக்கினார். ஆனால் அந்த அம்மாவின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. 1978-இல் அவர் யாரென்று தெரியவந்தபோது, படம் எடுக்கப்பட்டதே தமக்கு வருத்தம் என்றார்.

இரண்டாம் முறை மூன்று மீட்டரில் நில்லுங்கள். லென்ஸ் அவர் கண் உயரத்துக்கு இருக்கட்டும். திண்ணை உயரமானால் நின்றபடி, தாழ்வானால் மண்டியிட்டு. மேலிருந்து எடுத்த படத்தை எப்படி வெட்டினாலும் மேலிருந்து பார்த்ததாகவே இருக்கும். தலைக்குப் பின்னால் தூண் முளைக்கிறதா, திண்ணைச் சுவரின் கோடு கழுத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். தூங்குபவரைக் கால்பக்கமிருந்து போனில் எடுக்காதீர்கள். பாதம் பெரிதாகவும் தலை சிறிதாகவும் விழும், அவரிடம் கேட்கவும் வழியில்லை.

வீடு கிழக்குப் பார்த்ததென்றால் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் போங்கள். திண்ணையில் நேர் வெயில் இருக்காது, எதிர்வீட்டுச் சுவரில் பட்ட வெளிச்சம் அவர் முகத்தில் மென்மையாக விழும். காலை வெயிலில் பாதி முகம் வெளுத்துப் பாதி இருண்டு போகும். பின்னால் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் இருந்தால் கேமரா ஏமாந்து முகத்தைக் கறுப்பாக்கும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். லென்ஸ் துளை எஃப் 5.6, ஷட்டர் 1/250 நொடி, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 400-லிருந்து 800, கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா ஃபைல். ஃபோகஸ் கண்ணில்.

வெளியிடும்போது படக் கோப்பில் இருக்கும் ஜிபிஎஸ் இடத் தகவலை நீக்கிவிடுங்கள். தெருப்பெயரும் வீட்டின் பெயரும் குறிப்பில் வேண்டாம். அடையாளம் தெரிந்தால் யாராவது அவரைக் கிளப்பிவிடக்கூடும். வீடில்லாத குழந்தைகளை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுவோர் பட்டியலில் வைத்திருக்கிறது. அத்தகைய குழந்தைகளின் படம் வெளியாவதைப் பிரிவு 74 கட்டுப்படுத்துகிறது. எனவே குழந்தை முகம் தெரியும் படத்தை எந்த அளவில் வெட்டியும் போட்டிக்கு அனுப்பாதீர்கள். பெரியவருக்கு 6-க்கு 8 அங்குலத்தில் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். லேமினேட் செய்தால் திண்ணையில் மழைச்சாரலுக்குத் தாங்கும்.