வாசகர் கேள்வி – பதில்: ஏரிக்கரையில் ஆசையும் ஆபத்தும்

பிரெஞ்சு இயக்குநர் அலன் கிரோடியின் ‘ஸ்ட்ரேஞ்சர் பை த லேக்’ (2013) படத்தைப் பற்றிச் சென்ற இதழில் நான்கே வரி எழுதியிருந்தேன். தன்பாலீர்ப்புடைய ஆண்கள் துணை தேடி வரும் ஓர் ஏரிக்கரையில் ஒரு கொலை நடக்கிறது. அதைப் பார்த்துவிட்ட பிரான்க் என்ற இளைஞன், கொலைகாரன் மிஷெலையே விரும்புகிறான் என்பது கதை. அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பதில்களில் படத்தின் முடிவையும் பேச வேண்டியிருக்கிறது; படத்தைப் பார்க்க எண்ணியிருப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசிக்கலாம்.

கேள்வி: கொலையைக் கண்ணால் கண்டவன் போலீசுக்குப் போகாமல் கொலைகாரனோடு உறவு கொள்கிறான் என்பதை எப்படி நம்புவது? (ஈரோடு வாசகர்)

அந்தக் கொலை எப்படிக் காட்டப்படுகிறது என்பதை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். மாலை மங்கிக்கொண்டிருக்கிறது. பிரான்க் மேட்டில் மரங்களுக்கு நடுவே நிற்கிறான். கீழே, வெகு தொலைவில், தண்ணீரில் இரண்டு தலைகள் தெரிகின்றன. விளையாடுகிறார்களா, மல்லுக்கு நிற்கிறார்களா என்று நமக்கும் விளங்கவில்லை. ஒரு தலை அமிழ்கிறது, மேலே வருகிறது, மீண்டும் அமிழ்கிறது, பிறகு வரவேயில்லை. மிஷெல் அவசரமே இல்லாமல் நீந்திக் கரையேறி, உடையணிந்துகொண்டு போகிறான். சில நிமிடங்கள் நீளும் இந்தக் காட்சியில் கேமரா ஓர் அடிகூட நெருங்குவதில்லை. வேறு எந்த இயக்குநராக இருந்தாலும் அமிழ்த்தப்படுபவனின் முகத்தை ஒரு முறையாவது அண்மைக் காட்சியில் காட்டியிருப்பார். காட்டியிருந்தால் பிரான்க்கை நம்மால் மன்னிக்கவே முடியாமல் போயிருக்கும். தொலைவு அவனுக்கு ஒரு சாக்கைத் தருகிறது. நமக்கும்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரான்க் மிஷெலை விரும்பத் தொடங்கியது கொலைக்குப் பிறகு அல்ல. அதற்கு முன்பே அவனைப் பார்த்து ஏங்கியிருக்கிறான். அப்போது மிஷெலுக்கு, அவனை விட்டு அகலாத ஒரு காதலன் இருந்தான். தண்ணீரில் மூழ்கடிக்கப்பட்டவன் அந்தக் காதலன்தான். அதாவது, பிரான்க்கின் வழியில் இருந்த ஒரே தடையை அந்தக் கொலை அகற்றிவிட்டது. அவன் வாய் திறக்காமல் இருப்பதில் அச்சத்தோடு இந்த ஆதாயமும் கலந்திருக்கிறது என்பதைப் படம் ஒரு வசனத்தில்கூடச் சொல்வதில்லை. எரோட்டிக் திரில்லர் என்ற வகையில் வந்த பல படங்களில் நாயகனுக்கு ஆபத்து இருப்பது தெரியாது, அல்லது சந்தேகமாகவே இருக்கும். இவனுக்கோ முதலிலேயே தெரியும். தெரிந்தும் மறுநாள் வருகிறான், தெரிந்தும் அவனோடு நீரில் இறங்குகிறான். இருவரும் நீந்தும் காட்சியில் ஒன்றுமே நடப்பதில்லை என்றாலும், மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் பழைய மொழியில் ‘அணங்கு’ என்றொரு சொல் உண்டு. வருத்தும் தெய்வத்துக்கும், தாக்கி நிலைகுலைய வைக்கும் அழகுக்கும் அந்த ஒரே சொல்தான். இந்தப் படத்துக்கு விமரிசனம் எழுதும்போது அது எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று இப்போது வருந்துகிறேன்.

கேள்வி: படத்தில் பின்னணி இசையே இல்லையா, அல்லது எனக்குக் கிடைத்த பிரதியில்தான் கோளாறா? (தூத்துக்குடி வாசகர்)

கோளாறு இல்லை. காற்று, அலை, கூழாங்கல் மேல் நடக்கும் காலடி, இலைச் சலசலப்பு ஆகியவைதான் இசை. ஒளிப்பதிவாளர் கிளேர் மாத்தோன் பெரும்பாலும் இயற்கை வெளிச்சத்தையே நம்பியிருக்கிறார். ஏரி, கரை, காடு, கார் நிறுத்துமிடம் என்ற நான்கு இடங்களை விட்டுப் படம் வெளியே போவதே இல்லை. பிரான்க்கின் வீடு எப்படி இருக்கும் என்று கடைசி வரை நமக்குத் தெரியாது. கார் வந்து நின்றால் ஒரு நாள் தொடங்குகிறது. நாட்களைக் கணக்கிட வேறு அடையாளம் கிடையாது. கொலைக்கு மறுநாள், இறந்தவனின் துண்டு கரையில் அப்படியே கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதைக் கடந்துபோய்த் தங்கள் துண்டை விரிக்கிறார்கள். அந்தத் துண்டைப் போல என்னைக் கலங்கடித்த வேறொரு பொருளைச் சமீபத்தில் எந்தத் திரில்லரிலும் நான் பார்க்கவில்லை.

கேள்வி: இவ்வளவு வெளிப்படையான உடலுறவுக் காட்சிகள் தேவையா? (திண்டுக்கல் வாசகர்)

மிக அப்பட்டமான ஷாட்களில் நடிகர்களுக்குப் பதிலாக வேறு ஆட்களின் உடலைப் பயன்படுத்தினார்கள். தேவையா என்ற கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் தேவை, ஓரிரண்டு தேவையில்லை. அந்தக் கரையில் உடல் ஒளித்து வைக்கப்படும் பொருளே அல்ல. கொலைதான் ஒளிக்கப்படும் பொருள். நிர்வாணத்தை நிழலில் மறைத்திருந்தால் இரண்டும் ஒரே தட்டில் வந்து நின்றிருக்கும்; இன்பமும் குற்றமும் ஒன்று என்ற பழைய பாடத்தையே படம் மறுபடியும் ஒப்பித்திருக்கும். உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் அதில் தவறில்லை. ஆனால் குடும்பத்தோடு பார்க்க உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: தன்பாலீர்ப்பாளர்களைக் கொலைகாரர்களாகக் காட்டுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி அல்லவா? (சென்னை வாசகர்)

இந்தக் கேள்வியை முதலில் உரக்கக் கேட்டவர்கள் அவர்களேதான். 1979 கோடையில் வில்லியம் ஃபிரீட்கின், ‘க்ரூஸிங்’ படத்தை நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் எடுத்துக்கொண்டிருந்தார். தோலாடை அணிந்த ஆண்கள் கூடும் மதுக்கூடங்களில் நடக்கும் தொடர் கொலைகளைத் துப்பறிய, அவர்களில் ஒருவனைப் போல வேடமிட்டு நுழையும் காவலராக ஆல் பசினோ நடித்தார். படம் தங்கள் மீதான வன்முறையைத் தூண்டிவிடும் என்று அஞ்சிய மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் ஆர்தர் பெல் படப்பிடிப்புக்கு இடையூறு செய்யும்படி எழுதினார். விசில் ஊதியும் கூச்சலிட்டும் ஒலிப்பதிவைக் கெடுத்தார்கள். வசனங்களில் பெரும்பகுதியைப் பிறகு டப்பிங் செய்ய வேண்டியதாயிற்று. 1980-இல் படம் வெளிவந்தபோது, தன்பாலீர்ப்பாளர் உலகம் முழுவதையும் குற்றஞ்சாட்டும் நோக்கம் இல்லை என்ற அறிவிப்பு தொடக்கத்தில் சேர்க்கப்பட்டிருந்தது.

எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன். திரையில் அவர்களைக் காட்டும் படங்களே அரிதாக இருந்த காலத்தில், வருகிற ஒன்றும் கத்தியோடு வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆயினும் அந்தப் படத்தை இன்று பார்க்கும்போது அதன் குறை வேறோர் இடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. அந்த மதுக்கூடங்களுக்குள் நுழைவதே ஒருவனைத் தொற்றிக்கொள்ளும் நோய் என்பது போல ஃபிரீட்கின் பார்க்கிறார். கடைசியில் பசினோ கண்ணாடி முன் சவரம் செய்கிறார். அடுத்த அறையில் அவருடைய காதலி அந்தத் தோல் சட்டையையும் தொப்பியையும் எடுத்து அணிந்து பார்க்கிறாள். தொற்று வீடு வரை வந்துவிட்டது என்பது குறிப்பு. காட்சி அருமையானது, எண்ணம் மோசமானது.

கிரோடியின் ஏரிக்கரையில் இந்தச் சிக்கல் எழுவதற்கே இடமில்லை. கொன்றவன், இறந்தவன், பார்த்தவன், பக்கத்தில் வெயில் காய்கிறவன் என எல்லோரும் ஆண்களை நாடி வந்தவர்கள் என்பதால், அந்த விருப்பம் எதற்கும் துப்பாகவோ விளக்கமாகவோ அமைய முடியாது. மிஷெல் ஏன் கொன்றான் என்பதை அவனுடைய குணத்தில்தான் தேட வேண்டும். வெளியுலகின் பார்வையோடு வருகிறவர் விசாரணை அதிகாரி ஒருவர்தான்: உங்களில் ஒருவன் செத்து மிதந்திருக்கிறான், இரண்டே நாளில் எதுவும் நடக்காதது போல இங்கே வந்துவிட்டீர்களே என்று கேட்கிறார். அது அவமதிக்கும் கேள்விதான். ஆனால் அந்தத் துண்டைப் பார்த்த நமக்கும் அதே கேள்வி இருக்கிறது.

கேள்வி: ஹிட்ச்காக் இதையெல்லாம் முன்பே செய்துவிட்டார் என்கிறார் என் நண்பர். சரியா? (புதுச்சேரி வாசகர்)

பாதி சரி. 1948-இல் வந்த ‘ரோப்’ படத்தில் இரண்டு இளைஞர்கள் நண்பனைக் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை வைத்த பெட்டியின் மேலேயே விருந்து பரிமாறுகிறார்கள். 1924-இல் சிகாகோவில் லியோபோல்டு, லோப் என்ற இரு மாணவர்கள் செய்த கொலையின் நிழல் அதில் உண்டு. படத்தில் வரும் இருவரும் காதலர்கள் என்பதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளின் கீழ் சொல்ல வழியில்லை. எனவே சொல்லாமலே தெரியவைத்தார்கள். மறைப்பே அங்கே பரபரப்பாயிற்று. கிரோடி எல்லாவற்றையும் பட்டப்பகலில் வைத்துவிட்டுப் பரபரப்பை உண்டாக்குகிறார். எனக்கு இரண்டாவதுதான் கடினமான வேலையாகத் தெரிகிறது.

கேள்வி: இந்தப் படத்துக்குப் பிரான்சிலேயே எதிர்ப்பு வந்ததாமே? (சேலம் வாசகர்)

எதிர்ப்பு கிளம்பியது சுவரொட்டிக்கு. இரண்டு ஆண்கள் முத்தமிடும் ஓவியம் அது; 2013-இல் வெர்சாய், சாங்-க்ளூ ஆகிய ஊர்களில் அதை அகற்றினார்கள். அதே ஆண்டு கான் விழாவின் ‘அன் செர்டன் ரிகார்ட்’ பிரிவில் கிரோடி சிறந்த இயக்குநர் விருது பெற்றார். ‘கையே து சினிமா’ இதழ் அந்த ஆண்டின் படங்களில் இதற்கே முதலிடம் கொடுத்தது.

கேள்வி: முடிவு புரியவில்லை. பிரான்க் பிழைத்தானா? (நாகர்கோவில் வாசகர்)

அதற்கு முன் ஆன்ரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரையில் தனியே, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கனத்த மனிதர் யாரையும் தேடி வந்தவர் அல்லர். பிரான்க்கோடு பேசுவதற்காகவே தினமும் வருகிறார். படத்தில் ஆபத்தில்லாத ஒரே அன்பு அது. பிரான்க்கின் கண் மட்டும் எப்போதும் தண்ணீரின் பக்கமே திரும்பியிருக்கிறது. கடைசியில் ஆன்ரி, உண்மை தனக்குத் தெரியும் என்று மிஷெலிடம் காட்டிக்கொண்டு, அவன் பின்தொடர்வான் என்று தெரிந்தே காட்டுக்குள் நடக்கிறார். கழுத்து அறுபட்டுக் கிடக்கும் அவரைப் பிரான்க் கண்டுபிடிக்கிறான். பிறகு விசாரணை அதிகாரியும் குத்தப்படுகிறார்.

இருட்டிவிடுகிறது. பிரான்க் புதர்களுக்குள் பதுங்கியிருக்க, மிஷெல் அவன் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே அலைகிறான். குரல் அடங்குகிறது. ஓடித் தப்பிக்க அதுதான் நேரம். பிரான்க் எழுந்து நிற்கிறான், சுற்றிலும் பார்க்கிறான், முதலில் தணிந்த குரலில், பிறகு சற்று உரக்க, “மிஷெல்” என்று கூப்பிடுகிறான். மறுபடியும் கூப்பிடுகிறான். திரையில் அவன் முகம்கூடச் சரியாகத் தெரியாத அளவுக்கு இருள். பதில் வரவில்லை, படம் அங்கேயே நின்றுவிடுகிறது.